தரவரிசையில் முதலிடம், மார்ச்சில் வீட்டில்: ஆள் பிடிப்பதா, ஆளை வளர்ப்பதா?

பிவட்ஃபுட்:

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், பள்ளிப் பையன்கள் எந்தக் கல்லூரி என்று கையெழுத்துப் போடும் சீசன் வந்தாலே எல்லா ரசிகர் பக்கங்களிலும் ஒரே கூத்துதான். எங்களுக்கு இரண்டு ஃபைவ் ஸ்டார் (தரவரிசையில் உச்சத்தில் இருக்கும் பையன்கள்), உங்களுக்கு ஒன்றுகூட இல்லை என்று பதினேழு வயதுப் பையன்களை வைத்துக்கொண்டு பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு உடனே ஞாபகம் வருவது நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் கல்லூரி. 2024-இல் நாட்டின் முதல் ஐந்து பேரில் இரண்டு பேர், டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும், அங்கே சேர்ந்தார்கள். சீசன் முடிவில் 15 வெற்றி, 17 தோல்வி, மார்ச் மேட்னஸ் என்ற தேசியப் போட்டிக்கு அழைப்பே வரவில்லை. ஆனால் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத டிராஃப்டில் ஹார்ப்பர் 2-ஆவது, பெய்லி 5-ஆவது. அப்படியென்றால் தரவரிசை போட்டவர்கள் தப்பாகப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது, பையன்கள் மேலும் குறை இல்லை.

என் கட்சி இதுதான். அந்தப் பட்டியல் சொல்வது இந்தப் பையன் இன்னும் ஐந்தாறு வருஷத்தில் என்.பி.ஏ.வில் என்ன ஆவான் என்பதை. நாம் அதைப் படித்துவிட்டு வருகிற மார்ச்சில் நம் கல்லூரி எத்தனை மேட்ச் ஜெயிக்கும் என்று கணக்குப் போடுகிறோம். இரண்டும் வேறு வேறு கேள்வி. ஒன்றுக்கான பதிலை எடுத்து இன்னொன்றுக்கு எழுதினால் பூஜ்யம்தான் வரும்.

டர்ஹம்வாசி:

பிவட் சார், ரட்கர்ஸை முன்னால் நிறுத்தி ஃபைவ் ஸ்டாரை அடிப்பது ரொம்ப சுலபம். அந்த அணியில் மீதிப் பேர் யார் யார் என்று பார்த்தீர்களா? இரண்டு பேர் சேர்ந்து ஐந்து பேர் வேலையைச் செய்ய முடியாது. 2016-இல் பென் சிம்மன்ஸை வைத்துக்கொண்டு எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) போட்டிக்குள் நுழையவில்லை, அடுத்த வருஷம் மார்க்கெல் ஃபுல்ட்ஸ் ஆடிய வாஷிங்டன் 9 வெற்றி, 22 தோல்வி. இரண்டு பேருமே டிராஃப்டில் முதல் இடம். இதெல்லாம் நல்ல பையன் தனியாக மாட்டிக்கொண்ட கதை, அவ்வளவுதான்.

அதே மாதிரிப் பையன்களை ஒரே இடத்தில் நாலு பேராக வைத்துப் பாருங்கள். 2015, எங்கள் டியூக். ஓகாஃபோர், டைஸ் ஜோன்ஸ், வின்ஸ்லோ, கிரேசன் ஆலன், நாலு பேரும் முதலாண்டு. விஸ்கான்சினுக்கு எதிரான இறுதிப் போட்டியில் நாங்கள் எடுத்த 68 புள்ளிகளில் 60 இந்த நாலு பேருடையது. இரண்டாம் பாதியில் 9 புள்ளி பின்னால் இருந்தோம், எல்லாரும் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்தைத் திருப்பியது ஆலன், சீனியர் (கடைசி வருஷப் பையன்) கிடையாது. 2012 கென்டக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்டனி டேவிஸ் அந்த இறுதிப் போட்டியில் 10 ஷாட் எறிந்து ஒன்றுதான் போட்டார், ஆனாலும் 16 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 6 பிளாக் (எதிராளி ஷாட்டைத் தடுப்பது), சிறந்த வீரர் விருது அவருக்கே. கையில் பந்து விழாத நாளிலும் மேட்சை ஆளுகிற உடம்பும் புத்தியும் அது. அதை நாலு வருஷம் உட்கார வைத்து யாரும் வளர்க்கவில்லை, அப்படியே வந்தது. அப்படி வருகிறவனைப் பிடிப்பதுதான் கோச்சின் முதல் வேலை என்பேன்.

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேரும் உதாரணம் எறிந்து விளையாடுகிறீர்கள், நானும் கொஞ்சம் எறிகிறேன்.

பள்ளி முடித்ததும் நேராக என்.பி.ஏ.வுக்குப் போகக் கூடாது, 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2006 டிராஃப்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கப்புறம்தான் 'ஒரு வருஷம் ஆடு, கிளம்பு' என்ற பழக்கமே. வந்த முதல் வருஷமே, 2007 இறுதிப் போட்டியில், ஓஹையோ ஸ்டேட்டுக்கு கிரெக் ஓடன், மைக் கான்லி, இரண்டு முதலாண்டுப் பையன்கள். எதிரே ஃபுளோரிடா, போன வருஷம் கோப்பை ஜெயித்துவிட்டு என்.பி.ஏ. பணத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்துத் திரும்பி வந்த நோவா, ஹார்ஃபோர்ட், புரூவர். 84-75, ஃபுளோரிடா. அடுத்த வருஷம் மெம்ஃபிஸில் முதலாண்டு டெரிக் ரோஸ், கேன்சஸிடம் ஓவர்டைமில் தோல்வி. அன்றிலிருந்து இன்றுவரை, முதலாண்டுப் பையன்கள் முதுகில் ஏறி ஜெயித்த கோப்பை என்று நான் ஒப்புக்கொள்வது டர்ஹம்வாசி சொன்ன அதே இரண்டுதான், 2012, 2015. அந்த இரண்டு வருஷமும் அவர்களிடம் டேரியஸ் மில்லர், குவின் குக் என்று ஆளுக்கொரு சீனியர் இருந்ததையும் மறக்க வேண்டாம்.

ஆனால் பிவட் பக்கமும் ஓர் ஓட்டை இருக்கிறது. "தரவரிசையில் இல்லாதவன் பெரிய ஆளானான்" என்ற கதை எப்போதும் ஜெயித்தவனை வைத்துத்தான் சொல்லப்படும். 300-ஆவது இடத்திலிருந்த எத்தனையோ பேர் நாலு வருஷமும் பெஞ்சில் துண்டு ஆட்டிவிட்டுப் போனதை யாரும் இழை திறந்து எழுதுவதில்லை. முதல் பத்து பேரில் என்.பி.ஏ. போகிறவர்களின் விகிதத்தையும் 300 தாண்டியவர்களின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தியானா மாமா:

300 என்ன தம்பி, நான் 400 தாண்டியதைச் சொல்கிறேன். ஸாக் ஈடி. கனடா, டொரான்டோ பையன், சின்ன வயதில் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடினவன், கூடைப்பந்துக்கு வந்ததே உயர்நிலைப் பள்ளி பாதியில்தான். 7 அடி 4 அங்குலம், அதனால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற அளவில்தான் பட்டியல்காரர்கள் விட்டு வைத்திருந்தார்கள்.

பர்டியூவில் அவன் சராசரியை வருஷவாரியாகச் சொல்கிறேன், கேளுங்கள்: 8.7, 14.4, 22.3, 25.2. இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது எண். அந்த வருஷம் அவன் ஆடியதே ஆட்டத்துக்கு 19 நிமிஷம், ட்ரெவியான் வில்லியம்ஸோடு பங்கு போட்டுக்கொண்டு. மூச்சு வாங்கும், கால் நகராது, கூடுதல் நேரம் நின்றால் ஃபவுல். கோச் பெயின்டர் அவசரப்படவில்லை. அடுத்த வருஷம் 30 நிமிஷத்துக்கு மேல் நின்றான். 2023, 2024 இரண்டு வருஷமும் நாட்டின் சிறந்த வீரன், ரால்ஃப் சாம்ப்சனுக்கு அப்புறம் அதை அடுத்தடுத்து வாங்கியவன் இவன்தான். நடுவில் ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 தோற்ற அவமானமும் உண்டு, 16-ஆம் நிலை, அதாவது போட்டியின் கடைசித் தர அணியிடம், அதை வேறு யாரும் வந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். அந்தத் தோல்விக்கு அப்புறம் அவன் கிளம்பாமல் திரும்பி வந்தான், மறுவருஷம் இறுதிப் போட்டி.

டர்ஹம்வாசி:

மாமா, ஈடி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 7 அடி 4 அங்குலத்தை எந்தக் கோச்சும் வளர்க்கவில்லை! அப்புறம் அந்த இறுதிப் போட்டியில் அவர் 37 எடுத்தும் கனெக்டிகட் 75-60 என்று ஊதித் தள்ளியது, அந்த அணியில் ஸ்டெஃபான் காஸில் என்ற முதலாண்டு ஃபைவ் ஸ்டார் இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிவட்ஃபுட்:

அதே அணியில் ஈஸ்ட் கரோலினாவிலிருந்து வந்த ட்ரிஸ்டன் நியூட்டன், லயோலா மேரிலாந்தில் தொடங்கி ரட்கர்ஸ் வழியாக வந்த கேம் ஸ்பென்சர். இரண்டு பேரும் வயதில் மூத்தவர்கள். காஸில் அந்த வருஷம் என்ன செய்தார்? எதிரணியின் சிறந்த கார்டை (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவரை) கட்டிப் போடும் வேலை. ஃபைவ் ஸ்டார் வந்து மூத்தவர்களுக்கு அடங்கி ஆடினால் கோப்பை, அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை.

'வளர்ப்பது' என்ற பேச்சை எடுத்தால் எல்லாரும் மந்திரம் போலப் பேசுகிறார்கள், அதனால் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வில்லனோவா, மிகல் பிரிட்ஜஸ். கல்லூரிக்குப் பக்கத்து ஊரான மால்வெர்ன் பையன், 2014-இல் சேர்ந்தார், ஒல்லி. கோச் ஜே ரைட் அவரை முதல் வருஷம் ஒரு நிமிஷம்கூட ஆட விடவில்லை, ரெட்ஷர்ட். அந்த வருஷம் முழுக்கப் பயிற்சியும் எடைக்கூடமும்தான். அடுத்த வருஷம் அணி கோப்பை ஜெயித்தபோது பெஞ்சிலிருந்து வந்து டிஃபென்ஸ் ஆடினார், மூன்று புள்ளி ஷாட் 30 சதவீதத்தைத் தொடவில்லை. மறுவருஷம் 39. அதற்கடுத்து 43-க்கு மேல், 2018-இல் இரண்டாவது கோப்பை, டிராஃப்டில் 10-ஆவது. அதே அணியின் ஜேலன் பிரன்சன் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன், பள்ளியிலேயே நாட்டின் உச்ச வீரர்களில் ஒருவர், அதாவது டர்ஹம்வாசி கட்சி. அவரும் மூன்று வருஷம் இருந்தார். இன்று என்.பி.ஏ.வின் நியூயார்க் அணியில் அவர் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி நின்று, ஒரு பக்கம் ஏமாற்றி, மறுபக்கம் திரும்பி, எதிராளி எம்பிக் கீழே இறங்குகிற நேரத்தில் ஷாட் எடுக்கிறாரே, அந்த ஜம்ப் ஸ்டாப்பும் பிவட்டும் வில்லனோவா பயிற்சியின் அரிச்சுவடி. தினமும் அதே. முதல் மாதமே டிராஃப்ட் பட்டியலில் கண் வைத்திருக்கிற பையனுக்கு அதில் என்ன பொறுமை இருக்கும்? பையனைச் சொல்லவில்லை, அவன் நேரத்தைச் சொல்கிறேன். கல்லூரியில் அவன் இருப்பதே ஏழெட்டு மாதம், கோச் எதைக் கற்றுக்கொடுப்பார்?

புதுசு:

அண்ணா, நான் போன வருஷம்தான் மார்ச் மேட்னஸ் பார்க்க ஆரம்பித்தேன், என்.பி.ஏ. மட்டும் முன்னாலிருந்தே பார்ப்பேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். இந்த ஸ்டார் எல்லாம் யார் கொடுக்கிறார்கள்? கல்லூரி சங்கமா? பள்ளிக்கூட மேட்சை எல்லாம் உட்கார்ந்து பார்ப்பார்களா?

கணக்குப்பிள்ளை:

சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை தம்பி. 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இ.எஸ்.பி.என். போன்ற ஊடக நிறுவனங்கள் சொந்தமாகப் போடுவது. பள்ளி ஆட்டத்தைவிட அவர்கள் அதிகம் பார்ப்பது கோடைக்காலப் போட்டிகள், நைக்கி, அடிடாஸ் மாதிரி ஷூ கம்பெனிகள் நடத்துகிற சுற்றுகள். ஜூலையில் சவுத் கரோலினா நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம்தான் அதில் பெரிய சந்தை. ஒரே கூரைக்குக் கீழே எல்லாப் பெரிய கோச்சுகளும் மடித்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

சிக்கல் அங்கேதான். அந்தச் சுற்றில் இல்லாதவனைப் பார்க்கவே மாட்டார்கள். ஜா மொரான்ட் கதை கேட்டிருப்பாய். சவுத் கரோலினாவில் ஒரு முகாம், முர்ரே ஸ்டேட் துணைக் கோச் வேறு ஒரு பையனைப் பார்க்க வந்தவர், கொறிக்க ஏதாவது கிடைக்குமா என்று போன இடத்தில் பக்கத்து ஹாலில் பந்துச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். உள்ளே மொரான்ட். கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடியதும் டிராஃப்டில் 2-ஆவது. ஸ்டெஃபன் கறிக்கு அப்பா படித்த வர்ஜீனியா டெக்கே ஸ்காலர்ஷிப் தரவில்லை, வேண்டுமானால் வாக்-ஆனாக வா என்றார்கள், டேவிட்சன் போனார். இன்னொரு பக்கம், பெரிய கல்லூரி ஒன்று ஒருவனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுப்பதாகச் சேதி வந்தால் அவன் இடம் பட்டியலில் மேலே போவதும் உண்டு. பட்டியலைப் பார்த்து கோச், கோச்சைப் பார்த்து பட்டியல்.

இன்னொன்று வயது. பதினேழு வயதில் ஆறு மாத வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஆன்டனி டேவிஸே சிகாகோவில் பள்ளியில் படிக்கும்போது திடீரென்று உயர்ந்த கார்டு. ஒன்றரை வருஷத்தில் ஏழெட்டு அங்குலம். அந்த வளர்த்தி ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தால் 2012 கென்டக்கி கதையே வேறு.

டர்ஹம்வாசி:

"வந்திருந்தால்" எல்லாம் சபையேறாது, கணக்குப்பிள்ளை!

எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். 2015 அரையிறுதியில், அதுவரை ஒன்றுகூடத் தோற்காமல் 38-0 என்றிருந்த கென்டக்கியை விஸ்கான்சின் தோற்கடித்தது. ஃபிராங்க் கமின்ஸ்கி 20 புள்ளி, 11 ரீபவுண்ட், எல்லாரும் பொறுமை, வளர்ப்பு, நாலு வருஷம் என்று பாட்டுப் பாடினார்கள். முதல் வருஷம் 1.8 புள்ளி எடுத்தவன் கடைசி வருஷம் 18.8, அழகான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று தோற்ற அணியில் கார்ல்-ஆன்டனி டவுன்ஸும் டெவின் புக்கரும் இருந்தார்கள். இன்று கமின்ஸ்கி எங்கே, அவர்கள் எங்கே? கோச் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் புக்கர் வீட்டில் போய்க் கேளுங்கள்.

பிவட்ஃபுட்:

நான் முதல் பதிவில் எழுதியதையே நீங்கள் இப்போது எனக்குத் திருப்பிச் சொல்கிறீர்கள். பட்டியல் என்.பி.ஏ.வைச் சரியாகச் சொன்னது, அந்தச் சனிக்கிழமை ராத்திரியைச் சொல்லவில்லை.

உங்கள் டியூக்கின் இரண்டு ராத்திரிகளையே எடுத்துக்கொள்வோம். 2019, ஸயான் வில்லியம்சன், பேரட், ரெடிஷ், ஒரே வகுப்பின் உச்சி மூன்றும் ஒரே சட்டையில். மிச்சிகன் ஸ்டேட்டோடு காலிறுதி, கடைசி 34 விநாடி, பந்து கென்னி கோயின்ஸ் கையில். அந்தப் பையன் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாகச் சேர்ந்து ஐந்தாவது வருஷம் ஆடிக்கொண்டிருந்தவன். அதற்குமுன் அன்று எறிந்த மூன்று புள்ளி ஷாட் பெரும்பாலும் வெளியேதான் போயிருந்தது. ஸயான் பாய்ந்து கை நீட்டியும் கோயின்ஸ் தயங்கவில்லை, உள்ளே. அதற்கப்புறம் பேரட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ: போட வேண்டியதைத் தவறவிட்டார், ரீபவுண்டைப் பிடிப்பதற்காகத் தவறவிட வேண்டியதைப் போட்டார். 68-67.

2025, அரையிறுதி, ஹூஸ்டன். டியூக் கடைசி நிமிஷத்திலும் 6 புள்ளி முன்னிலை. ப்ராக்டர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டதும் ரீபவுண்டுக்கு ஜேவான் ராபர்ட்ஸும் கூப்பர் ஃபிளாகும் எம்பினார்கள். ராபர்ட்ஸ் முதுகின் மேல் ஃபிளாக் ஏறியதாக ஃபவுல். ராபர்ட்ஸ் ஃப்ரீ த்ரோவில் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை, இரண்டையும் போட்டார். அடுத்த முனையில் ஃபிளாக் எடுத்த கடைசி ஷாட்டின் எதிரே கை நீட்டி நின்றதும் அவர்தான், பந்து குட்டையாக விழுந்தது. 70-67. ராபர்ட்ஸுக்கு ஹூஸ்டனில் அது ஆறாவது வருஷம், முதல் வருஷம் ரெட்ஷர்ட். ஃபிளாகுக்கு 18 வயது, அதுவும் ஒரு வகுப்பு முன்னதாகவே பள்ளி முடித்து வந்தவர். ஃபிளாக் பத்து மடங்கு பெரிய வீரர், அதில் சந்தேகமே இல்லை.

டர்ஹம்வாசி:

அந்த ஃபவுலைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் மாடரேட்டர் இழையைப் பூட்டிவிடுவார். விடுங்கள். 35-4 என்ற சீசனை "தோல்வி" என்று நீங்கள் சொல்கிற அளவுக்கு ஃபைவ் ஸ்டார் எங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஒரே ஒரு மேட்ச், தோற்றால் வெளியே, அதில் யாரும் யாரையும் அடிப்பார்கள். ஏழு மேட்ச் தொடர் வைத்தால் அந்த டியூக்கை ஹூஸ்டன் நாலு தடவை ஜெயித்திருக்குமா?

ஜெர்சிக்காரன்:

நான் ரட்கர்ஸ் ஆள், முதல் பதிவைப் படித்து வயிறு எரிந்து இவ்வளவு நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் 2018-க்கு முந்தைய உலகத்தைப் பேசுகிறீர்கள் என்பது என் எண்ணம். 2018 அக்டோபரில் டிரான்ஸ்பர் போர்ட்டல், கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல், வந்தது. 2021-இல் ஒரு தடவை மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டாம் என்றார்கள், அதே வருஷம் ஜூலையில் என்.ஐ.எல்., பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2024-இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறிக்கொள் என்றாகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேராகப் பங்கு கொடுக்கலாம், எல்லா விளையாட்டும் சேர்த்து முதல் வருஷத்துக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. இந்த உலகத்தில் பிரிட்ஜஸ் மாதிரி ஒருவன் ஒரு வருஷம் உட்காருவானா? மார்ச் முடிந்த மறுநாள் போர்ட்டலில் பெயர் இருக்கும்.

வளர்ப்பு செத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. இடம் மாறிவிட்டது. 2025-இல் கோப்பை வாங்கிய ஃபுளோரிடாவைப் பாருங்கள். வால்டர் கிளேட்டன் ஐயோனாவில் இரண்டு வருஷம், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. இவர்களை வளர்த்தது யார்? டிக்கெட் விற்கவே கஷ்டப்படுகிற சின்னக் கல்லூரிகள். பாலைக் காய்ச்சுவது அவர்கள், ஏடு எடுப்பது இவர்கள்.

எங்கள் மாநிலத்து செயின்ட் பீட்டர்ஸையே சொல்கிறேன். 2022-இல் 15-ஆம் நிலையில் வந்து கென்டக்கியை ஓவர்டைமில் சாய்த்து, கடைசி எட்டு வரை போனார்கள், அதுவரை அந்த நிலை அணி எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஊரே கொண்டாடி முடிப்பதற்குள் கோச் ஹாலோவே ஸீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார், டக் எடர்ட் பிரையன்ட்டுக்கு, டெரில் பேங்க்ஸ் செயின்ட் போனவென்ச்சருக்கு, என்டெஃபோ கோச் பின்னாலேயே. ஃபுளோரிடா அட்லாண்டிக்குக்கும் அதே கதிதான்: கோச் டஸ்டி மே மிச்சிகனுக்கு, கோல்டின் அவரோடு, மார்ட்டின் ஃபுளோரிடாவுக்கு, ஜானெல் டேவிஸ் ஆர்கன்சாவுக்கு.

பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். கோச் இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் போகலாம், பையன் போகக் கூடாதா?

இந்தியானா மாமா:

எங்கள் பெயின்டர் இன்னும் பழைய வழியில்தான் ஓட்டுகிறார், பள்ளியிலிருந்து எடுத்து, வைத்து, வளர்த்து. பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர், காஃப்மன்-ரென் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான், வேறு இடத்தில் அதிகப் பணம் கிடைக்காமலா இருந்திருக்கும்? ஆனாலும் ஒன்று சொல்கிறேன் ஜெர்சி தம்பி, பெரிய கல்லூரிக்குத்தான் இந்தச் சொகுசு. சின்ன இடத்தில் இருக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பையனைப் பிடித்து வைக்க முடியாது.

புதுசு:

அப்போ சின்னக் கல்லூரிக்கு ஏதாவது பணம் கிடைக்குமா அண்ணா? ஐரோப்பா ஃபுட்பாலில் சின்ன வயதில் பயிற்சி கொடுத்த கிளப்புக்குப் பின்னால் பங்கு வரும் என்று கேட்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

ஆமாம், ஃபிஃபா விதி. ஒருவனை விற்கிற தொகையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே விற்பனை என்று ஒன்று நடக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, அதனால் பங்கும் இருக்கிறது. இங்கே பையன் மாணவன். ஐயோனாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போகும்போது யாரும் யாருக்கும் ஒரு காசு கொடுப்பதில்லை, எதில் 5 சதவீதம் எடுப்பது? இப்போது சில கல்லூரிகள் வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்திலேயே பாதியில் போனால் பணம் கட்டு என்று எழுதப் பார்க்கின்றன. அது கோர்ட்டில் நிற்குமா என்பது வேறு விஷயம். நின்றாலும் பேரம் பேசுகிற பலம் பெரியவர்களிடம்தான்.

ஜெர்சிக்காரன்:

நிற்க வேண்டும் என்றால் பையன்களைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டு சங்கம் வைத்துப் பேச விட வேண்டும். அதற்கு மட்டும் எந்தக் கல்லூரியும் வாய் திறக்காது. ஆள் பிடிக்க மில்லியன் இருக்கிறது, ஊழியன் என்று எழுத மட்டும் கை வராது.

டர்ஹம்வாசி:

இதில் ஜெர்சி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், பிவட் சார் சந்தோஷப்பட வேண்டாம். போர்ட்டலில் வருகிற 22 வயது ஆளுக்கும் இப்போது தனித் தரவரிசை போடுகிறார்கள், பார்த்தீர்களா? அதற்கும் ஸ்டார் உண்டு. கையெழுத்து சீசனில் நடக்கிற சண்டை இனி ஏப்ரலிலும் நடக்கும்.

பிவட்ஃபுட்:

பார்த்தேன். ஆனால் அந்தப் பட்டியலை நான் கொஞ்சம் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் இருக்கிறவன் கல்லூரி ஆட்டம் ஆடி முடித்தவன், இரண்டு மூன்று வருஷ எண்கள் கையில் இருக்கின்றன. கேள்வியும் "அடுத்த மார்ச்சுக்கு உதவுவானா" என்பதுதான், என்.பி.ஏ. இல்லை. நாலு வருஷம் கழித்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப்பிள்ளை ஒரு பதிவு போடட்டும், எது அதிக மேட்ச் ஜெயித்தது என்று. என் பந்தயம் போர்ட்டல் பக்கம். மாமா நடுவர்.